காலடியில் வைத்த கீபோர்டு

புதிதாக வேலைக்கு வந்திருக்கிறவர்களுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கம்ப்யூட்டர் ரிப்பேர்காரர்கள் சங்கத்திலிருந்து கேட்டார்கள். நான் வேலையை விட்டாயிற்று. சால்டரிங் புகையில் கண் போயிற்று, கழுத்தும் போயிற்று. உங்களுக்கு ஊக்கம் தரும்படி எழுத வேண்டும் என்றும் சொன்னார்கள். அது என்னால் ஆகாது. நடந்ததை எழுதுகிறேன். படிக்கிறவர்கள் படியுங்கள்.

நான் செய்த வேலை சின்ன வேலை. மார்த்தாண்டத்தில் ஒரு மாடியறை, ஒரு மேசை, ஒரு மீட்டர். 2004-ல் தொடங்கினேன். அப்போது எல்லாரும் கம்ப்யூட்டரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கீபோர்டை மாற்ற மட்டும் பலருக்கு மனசில்லை. எடைமேடைக்காரர், அச்சகத்துக்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லாரும் கை பழகிப்போன கனத்த பழைய கீபோர்டைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதன் பிளக் பெரிய உருண்டை. புதுக் கம்ப்யூட்டரின் துளை சின்ன உருண்டை. சில வருடம் கழித்து உருண்டையே இல்லாமல் போய், தட்டையான யுஎஸ்பி மட்டும் மிஞ்சியது. இந்தப் பிளக்கை அந்தத் துளைக்குப் பொருத்திக் கொடுத்தே பிழைத்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒயரின் நிறத்தை நம்பாதீர்கள். சிவப்பில் கரண்ட் வரும், கறுப்பு எர்த் என்று யாரோ உங்கள் தலையில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பழைய கீபோர்டுகளைச் செய்தவனுக்கு அன்றைக்கு எந்த நிறம் கையில் இருந்ததோ அந்த நிறம். வெள்ளையில் ஐந்து வோல்ட் ஓடும். மஞ்சள் எர்த்தாக இருக்கும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் சேர்த்தால் உள்ளே இருக்கிற சிப் போய்விடும். அந்தச் சிப் எந்தக் கடையிலும் கிடைக்காது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. நீங்களும் கேட்கப்போவதில்லை.

களியக்காவிளையில் நெடுஞ்சாலையை ஒட்டி ஓர் அச்சகம் இருந்தது. அங்கே தமிழ் டைப் அடித்தவள் ரோஸ்லெட். இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் அவளுக்குக் கிடையாது. சின்ன வயதில் ரப்பர் ஷீட் அடிக்கிற உருளை இழுத்துக்கொண்டது. மிச்சமிருந்த விரல்களால் நன்றாகவே அடிப்பாள். ஒரே ஒரு தகராறு, ஷிப்ட்.

அந்த அச்சகத்தில் இருந்தது பழைய தட்டச்சு முறை. 'த' இருக்கும் இடத்தைத் தட்டினால் 'த' வரும். ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு தட்டினால் 'து'. 'ம' அப்படியே 'மு' ஆகும், 'ர' 'ரு' ஆகும். இவையெல்லாம் வலக்கைப் பக்கம் இருக்கின்றன. அப்போது ஷிப்ட்டைப் பிடிக்க வேண்டியது இடது சுண்டுவிரல். அந்த விரல்தான் அவளுக்கு இல்லை. 'கர்த்தருக்கு' என்று அடிக்காமல் எங்கள் பக்கத்தில் யாராவது அச்சகம் நடத்த முடியுமா?

நான் தொழில் தொடங்கிய வருடமே அவள் வந்து கேட்டாள். அவளுடைய கீபோர்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி சுவிட்ச், அட்டையில் சால்டர் வைத்தது. ஷிப்ட்டின் இரண்டு முனையிலும் இரண்டு ஒயர் சேர்த்துப் பின்பக்கம் வெளியே எடுத்தேன். ஒரு காலிங்பெல் சுவிட்சைப் பலகையில் திருகி மேசைக்கு அடியில் வைத்தேன். காலால் மிதித்தால் ஷிப்ட். அவ்வளவுதான். அதை வைத்து ஏழு வருடம் அடித்தாள். யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவுமில்லை.

பிறகு அச்சக முதலாளியின் மகன் பிரைட் துபாயிலிருந்து வந்து தொழிலைக் கையில் எடுத்தான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறவன். பழைய கம்ப்யூட்டர்களைக் கடைக்காரனிடமே கொடுத்துவிட்டு இரண்டு புதுக் கம்ப்யூட்டர் வாங்கினான். அவை வந்து இறங்கியது ஒரு சனிக்கிழமை காலை. கொஞ்ச நேரத்தில் எனக்கு போன் வந்தது. பேசியது ரோஸ்லெட்.

“அண்ணா, வேகம் வாங்க. எனக்க கீபோர்ட அறுத்துப் போட்டுட்டானுவ.”

போனேன். கீபோர்டு மேசைமேல் கிடந்தது. பிளக் இல்லை. அந்த இடத்தில் வேறு கீபோர்டிலிருந்து வெட்டியெடுத்த யுஎஸ்பி ஒயரைச் சேர்த்து டேப் சுற்றியிருந்தது. மேசைக்கு அடியில் என் பலகை, அதிலிருந்து ஒரு சாண் ஒயர் அறுந்து தொங்கியது. கடையிலிருந்து வந்தவன் வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டான்.

“டிப்ளமா படிச்ச ஆளுண்ணா,” என்றான் பிரைட். “இங்க நாலு ஒயரு, அங்கயும் நாலு ஒயரு. கலருக்குக் கலர் சேத்தான். மாட்டுன ஒடனே கம்ப்யூட்டரு அணைஞ்சு போச்சு. நல்ல காலம், பொறவு எழும்பிச்சு.”

“இந்தக் கால் ஒயர எதுக்கு நறுக்கினான்?”

“எவனோ பின்னால ஒட்டுவேல செஞ்சு தொங்கவிட்டிருக்கான்னு சொன்னான்.”

அந்த எவனோ நான்தான். சொல்லவில்லை. நேரமில்லை.

நாலு ஒயருக்கு நாலு ஒயர் என்று சேர்க்கிறவர்களுக்குச் சொல்கிறேன். எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் பேச்சும் ஒன்றாகிவிடாது. அந்தப் பழைய கீபோர்டு பேசுவது யுஎஸ்பிக்குப் புரியாது. நடுவில் சிப் வைத்த கன்வெர்ட்டர் வேண்டும். வெறும் பிளக் மாற்றுகிற பச்சை நிறக் குமிழ் இதற்கு ஆகாது. இது தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள், யாரும் அடிக்க வரமாட்டார்கள். கத்தியை எடுக்காதீர்கள்.

“அந்தச் சவத்தத் தூக்கிப் பழைய சாமான் எடுக்க ஆக்கர்க்காரனுக்குப் போடுங்கண்ணா,” என்றான் பிரைட். “திங்கக்கிழம குழித்துறையிலருந்து ஒரு பிள்ள வருது. பத்து வெரல்லயும் அடிக்கும். ரோஸ்லெட்டு இனி பேப்பரு மடிக்கட்டும். வேலைய விட்டு ஒண்ணும் அனுப்பல்லல்லா?”

இதை அவளை வைத்துக்கொண்டே சொன்னான். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்னொருவர் பிரைட்டைப் பார்த்தார். வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த கனத்த உடம்புக்காரர். உதவாத எதையும் சவம் என்று சொல்வது எங்கள் ஊர்ப் பழக்கம். அன்றைக்கு அவர் காதில் அது விழுந்திருக்க வேண்டாம்.

அவர் பெயர் ஞானமுத்து. முந்தின நாள் அவருடைய அண்ணன் செல்லமுத்து இறந்துபோனார். கிறிஸ்தவச் சபையில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர். அன்று நாலு மணிக்கு அடக்கம். எங்கள் பக்கத்துச் சபைகளில் அடக்க ஆராதனைக்குத் தனியாக ஒரு தாள் அச்சடிப்பார்கள். பாட்டு, வேதவசனம், இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், யார் எந்த நாட்டில் என்று எல்லாம் அதில் வரும். அந்தத் தாள் இல்லாமல் பெட்டியை எடுத்தால் அடக்கம் செய்தது மாதிரியே இருக்காது. ஒரு மருமகன் பெயர் விட்டுப்போனால் அந்த வீட்டில் பத்து வருடம் பேச்சுவார்த்தை இருக்காது. அதை அடிக்க அந்த அச்சகத்தில் ரோஸ்லெட் ஒருத்திதான். பிரைட்டுக்குத் தமிழ் டைப் தெரியாது.

“வீட்ல ஆளு கூடியாச்சு,” என்றார் ஞானமுத்து. “போதகரு ரெண்டு தடவ கூப்பிட்டாச்சு. சேத்துக் குடுங்க வோய். அறுத்தத ஒட்ட எவ்வளவு நேரம்?”

“அண்ணா, ஒயர மாத்தி மாத்தி வச்சுப் பாருங்க,” என்றான் பிரைட். “எதாவது ஒண்ணு பிடிக்கும்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இந்த மாதிரி நேரத்தில்தான் நம் ஆட்கள் கெட்டுப்போவார்கள். எதிரில் துக்க வீட்டுக்காரர் காத்திருக்கிறார், முதலாளி நிற்கிறார். கை பரபரக்கும். மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றும். கன்வெர்ட்டர் என்னிடம் இல்லை, திருவனந்தபுரத்திலிருந்து வர வேண்டும். சிப் உயிரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. உயிரோடு இருந்தாலும் இன்னொரு தடவை தப்பாகச் சேர்த்தால் செத்துவிடும். எந்தக் கணக்கில் பார்த்தாலும் அன்று அது நடக்காது. நடக்காததை நடக்காது என்று சொல்லத்தான் நமக்குக் கூலி.

“இது இன்னைக்கு நடக்காது,” என்றேன்.

ரோஸ்லெட்டுக்குக் கோபம் வந்துவிட்டது. “நடக்காதுன்னு சொல்லத்தான் மார்த்தாண்டத்திலருந்து பஸ்ஸு ஏறி வந்தியளா? அத எனக்குப் போன்ல சொல்லப்படாதா? நீங்க சொல்லிட்டுப் போவிய. நான் நாளக் கழிஞ்சு ஓரத்துல இருந்து பேப்பரு மடிக்கணும்.”

அவள் சொன்னது நியாயம். நான் அதுவரை கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அன்று வேண்டியது அந்தக் கீபோர்டு இல்லை. ஒரு ஷிப்ட். எழுத்தடிக்கப் புதுக் கீபோர்டு போதும். புதுக் கீபோர்டுக்குள் சுவிட்ச் கிடையாது, மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். சால்டர் வைத்தால் உருகிவிடும். ஆகவே கால் சுவிட்சை அதில் சேர்க்க முடியாது.

ஷிப்ட்டை ஒருமுறை தட்டினால் அடுத்த எழுத்துவரை பிடித்துக்கொள்கிற வசதி விண்டோஸிலேயே இருக்கிறதே என்று உங்களில் புத்திசாலி யாராவது கேட்பீர்கள். இருக்கிறது. அதைத்தான் முதலில் வைத்தேன். ஒரு வரி அடித்தாள். 'து' வர வேண்டிய இடத்தில் கால் தானாகத் தரையை மிதித்தது, கை நின்றுபோயிற்று. அடுத்த வரியில் தப்புக்கு மேல் தப்பு. ஏழு வருடப் பழக்கத்தை ஒரு மத்தியானத்தில் மாற்றச் சொல்லக்கூடாது. அதுவும் துக்க வீட்டுக்காரர் முதுகுக்குப் பின்னால் காத்திருக்கும்போது.

கால் பழகிய இடத்தில் ஷிப்ட் இருக்க வேண்டும். வழி அது ஒன்றுதான்.

இரண்டு கம்ப்யூட்டரோடு இரண்டு புதுக் கீபோர்டு வந்திருந்தன. இரண்டையும் ஒரே கம்ப்யூட்டரில் மாட்டினேன். யுஎஸ்பியில் அது முடியும். ஒன்றில் ஷிப்ட்டைப் பிடித்தால் மற்றதில் அடிக்கிற எழுத்தும் மாறும். ஒன்றை மேசைமேல் வைத்தேன். மற்றதைத் தரையில் போட்டு, இடது ஷிப்ட்டைச் சுற்றியிருந்த எழுத்துகளை ஸ்குரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். இல்லாவிட்டால் குதிகால் அவற்றையும் சேர்த்து அமுக்கிவிடும்.

“மிதிச்சுப் பாரு.”

செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தாள். 'து' வந்தது. 'மு' வந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அடிக்க ஆரம்பித்தாள். முதல் பாட்டு ஓடியது. நான் தண்ணீர் குடிக்கப் போனேன்.

திரும்பி வரும்போது ஞானமுத்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். கீழே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏட்டி, காலால என்ன செய்யுத?”

“ஷிப்ட் மாமா.”

“வேதவசனத்த மிதிச்சா அடிக்குத? எனக்க அண்ணனுக்க அடக்கத்துக்கு?”

“நான் இதுக்குத்தான் சொன்னேன் பாத்தியளா,” என்றான் பிரைட் என்னிடம்.

இதை நான் யோசிக்கவே இல்லை. மேசைக்கு அடியில் மரப்பலகையை மிதித்தபோது அது பலகை. இப்போது தரையில் எழுத்து கிடக்கிறது, அதன்மேல் கால் இருக்கிறது. எங்கள் ஊரில் காகிதத்தில் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் இதில் வித்தியாசம் கிடையாது.

ரோஸ்லெட் கையை எடுத்துவிட்டாள்.

“மாமா, ஏழு வருஷமா ஒங்க சபைக்கு அடிச்ச பாட்டு பூராவும் காலாலதான். ஒங்க மவளுக்க கல்யாணக் கார்டும் காலாலதான். அப்பம் மேசைக்கு அடியில இருந்தது, நீங்க காணல்ல. இன்னைக்குக் கண்டாச்சு. நான் என்ன செய்ய?” இடது கையைத் தூக்கிக் காட்டினாள். “இது முழுசா இருந்தா காலு எதுக்கு?”

அவர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

“எழுத்தப் பூரா பிடுங்கிப் போடட்டா?” என்று கேட்டேன்.

“எழுத்துல ஒண்ணும் இல்ல வோய். காலு.”

வெளியே கேரளா பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே நின்றது. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பிரைட் போனைப் பார்த்தான். ஞானமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“கைதான வேணும்? எனக்க கை போதுமா?”

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மெதுவாக மேசைக்கு அடியில் நுழைந்தார். ரோஸ்லெட் காலை ஒதுக்கிக்கொண்டாள். அவர் விரலை ஷிப்ட்டில் வைத்தார்.

“நான் சொல்லும்ப அமுக்கணும், சொல்லும்ப விடணும். மனசிலாச்சா மாமா?”

“ஓ. நீ அடி.”

“அமுக்குங்க. விடுங்க. அமுக்குங்க. விடுங்க. விடுங்க மாமா! எல்லாம் நெடுக ஷிப்ட்ல போவுது.”

“நீ வேகம் போனா நான் என்ன செய்ய? கொறச்சு பைய அடி.”

“பைய அடிச்சா நாலு மணிக்கு ஆவுமா? அமுக்குங்க. அய்ய, இப்பம் விட்டாச்சே! ஒங்க அண்ணன் ஊருக்கே தாளம் சொல்லிக்குடுத்த ஆளு. தம்பிக்கு ஒரு தாளமும் நிக்கல்ல.”

மேசைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. நான் குனிந்து பார்க்கவில்லை.

வாழ்க்கை வரலாறு வந்தது. செல்லமுத்து என்ற பெயரில் இரண்டு இடத்தில் ஷிப்ட் வேண்டும். 'மு'வில் பிடித்து, விட்டு, 'து'வில் மறுபடி பிடிக்க வேண்டும். முதல் தடவை 'செல்லமுத்த' என்று நின்றது. அழித்தாள். இரண்டாம் தடவை 'செல்லமத்து'. அழித்தாள். மூன்றாம் தடவை அவள் சொல்வதற்குள் அவரே மேசைக்கு அடியில் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டே அமுக்கினார். சரியாக வந்தது.

“வந்தாச்சு மாமா,” என்றாள்.

அவர் ஷிப்ட்டிலிருந்து கையை எடுத்தார். பிறகு மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முட்டி இரண்டும் தூசி. எழுந்து நிற்க நான் கை கொடுத்தேன்.

“நீ காலாலயே அடி மக்கா,” என்றார். “நான் இருந்தா இது நாளைக்கும் தீராது. பெட்டியில கெடக்கவன் குத்தம் ஒண்ணும் சொல்ல மாட்டான். பறயியது நாமதான்.”

அதன் பிறகு அவள் அடித்த வேகத்தை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவர் அவள் பின்னால் நின்று திரையில் ஒவ்வொரு பெயராகப் படித்தார். சௌதியில் இருக்கிற பேரனின் பெயரில் ஒரு துணைக்கால் விட்டுப்போயிருந்தது, போட்டாள். தாள்கள் சூடு ஆறுவதற்குள் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போனார். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இந்தக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், உங்களிடம் ஒரு பழைய பொருளைக் கொண்டுவந்து போடுவார்கள். அதில் ஒரு கோணல் ஒயர் தொங்கும், அழுக்கு டேப் ஒட்டியிருக்கும், எவனோ செய்த ஒட்டுவேலை இருக்கும். உங்களுக்கு வெட்டத் தோன்றும். வெட்டுவதற்கு முன்னால் அதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேளுங்கள். அவர்கள் உட்கார்ந்து வேலை செய்வதை ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். குனிந்து மேசைக்கு அடியிலும் பாருங்கள். அந்த டிப்ளமாக்காரன் குனிந்திருந்தால் பலகையைப் பார்த்திருப்பான். ஒயரை மட்டும் பார்த்தான். நானும் அன்று பாதி நேரம் கீபோர்டைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவளைப் பார்க்கவில்லை.

பழைய கீபோர்டை மாடிக்கு எடுத்து வந்து பிரித்தேன். சிப் செத்திருந்தது. அன்று ஒயரை மாற்றி மாற்றி வைத்திருந்தால் நாலு மணி தாண்டியும் வைத்துக்கொண்டே இருந்திருப்போம். தரையில் போட்ட கீபோர்டுக்கு மேல் கவிழ்க்க ஒரு மரப்பெட்டி செய்து, ஷிப்ட்டுக்கு நேராக ஒரு கட்டையைப் பொருத்திக் கொண்டுபோய் வைத்தேன். பார்க்க அசிங்கமாக இருக்கும். வேலை செய்யும்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்தச் சனிக்கிழமை ஞானமுத்துவின் ஆட்டோ போனதும் பிரைட் உள்ளே வந்தான். அடுத்த வேலையை அவள் மேசைமேல் வைத்தான். ஏதோ ஒரு கோயில் கொடைவிழா நோட்டீஸ்.

“இதயும் இப்பமே அடிச்சிரு ரோஸ்லெட்டு.”

அவள் தொடவில்லை.

“திங்கக்கிழம இந்த சீட்டுல ஆரு இருப்பா?”

“அது பொறவு பேசுவோம்.”

“இப்பம் பேசுங்க.”

“நீதான் இருப்ப. பின்ன ஆரு?”

“அப்பம் அந்தப் பிள்ளைட்ட போன் பண்ணிச் சொல்லுங்க. அதும் பாவம், திங்கக்கிழம வேலயின்னு நெனச்சிட்டு இருக்கும். நீங்க சொல்லிட்டு வாங்க. நான் நோட்டீச எடுக்கேன்.”

பிரைட் என்னைப் பார்த்தான். நான் ஸ்குரூ டிரைவரைத் துடைத்தேன். உள்ளே சிக்னல் சரியாகக் கிடைக்காது. போனை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் போனான். லாரிச் சத்தத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். அது உள்ளே நன்றாகவே கேட்டது.

“இல்ல பிள்ளே, நீ வரண்டாம். இஞ்ச ஆளு உண்டு.”